சிம்மக்கல்லில் பலூன் வாங்கப் போனேன்

ராத்திரி பதினொன்றே முக்காலுக்கு என் போன் அடித்தால் இரண்டே காரணம்தான் இருக்க முடியும். ஒன்று, ராங் நம்பர். இன்னொன்று, என் தாய்மாமா.

"மாப்ள, தூங்கிட்டியா? பலூன் வெடிச்சிருச்சுப்பா."

மாமாவுக்கு வயது அறுபத்திரண்டு. இந்த வயதில் பலூனுக்காகக் கண் கலங்குகிறாரே என்று நீங்கள் நினைக்கலாம். இது திருவிழாக் கடையில் நூலில் கட்டி விற்கிற ரகமல்ல. லாரிக்கு அடியில், ஆக்ஸிலுக்கும் சேஸிஸுக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு டன் கணக்கில் சுமக்கிற கறுப்பு ரப்பர் பை. உள்ளே அழுத்தமாகக் காற்று. கம்பெனிப் புத்தகத்தில் 'ஏர் பெல்லோஸ்' என்று போட்டிருக்கும். எங்கள் ஊர் ஷெட்டில் போய் அப்படிக் கேட்டால், 'படிச்ச புள்ள போல' என்று நாற்காலி போட்டு உட்கார வைத்துவிடுவார்கள். பலூன் என்றால்தான் வேலை நடக்கும்.

மாமா ஒற்றை வண்டி முதலாளி. பழைய பன்னிரண்டு சக்கர லாரி. அவர் கைக்கு வரும்போதே அதற்கு நடுத்தர வயது. ஓனர், டிரைவர், பையன் வராத நாளில் கிளீனர், மூன்றும் அவரே. தூத்துக்குடியில் உப்பு ஏற்றிக்கொண்டு அருப்புக்கோட்டை வழியாக வடக்கே போவார். வரும்போது கிடைத்தால் லோடு, கிடைக்காவிட்டால் இளையராஜா. வண்டிக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்ட புண்ணியவான் அடியேன். ஆகவே அந்தப் பலூன் வெடித்த சத்தம் காரியாபட்டியில் எப்படிக் கேட்டதோ தெரியாது, மதுரையில் என் சம்பளக் கவருக்குள் தெளிவாகக் கேட்டது.

அதுவும் ஆறு மாதத்தில் மூன்றாவது பலூன்.

மறுநாள் அரை நாள் லீவு எழுதிக் கொடுத்தேன். காரணம் என்ற இடத்தில் 'பலூன் வாங்க' என்று எழுதாமல் 'சொந்த வேலை' என்று எழுதினேன். எங்கள் மேனேஜருக்கு நகைச்சுவை உணர்வு கம்மி.

வெளியூர்க்காரர்கள் மீனாட்சி கோயில், நாயக்கர் மகால், ஜிகர்தண்டா என்று மூன்றையும் முடித்துவிட்டு ரயில் ஏறிவிடுகிறார்கள். சிம்மக்கல்லை யாரும் சுற்றிக் காட்டுவதில்லை. கல் சிங்கம் ஒன்றை வைத்து வந்த பெயர் என்பார்கள். பக்கத்திலேயே யானைக்கல்; அங்கே கல் யானை. அதைத் தாண்டினால் வைகை. ஆற்றின் மேல் 1889-ல் திறந்த ஏ.வி. பாலம், அதாவது ஆல்பர்ட் விக்டர் பாலம், இன்னும் கோரிப்பாளையத்துக்கு ஆட்களைக் கடத்திக்கொண்டிருக்கிறது. ஒரு பக்கம் பழைய சொக்கநாதர் கோயில், ஒரு பக்கம் மாவட்ட மைய நூலகம், சாயங்காலமானால் கோனார் கடைக் கறிதோசை வாசனை. இத்தனைக்கும் நடுவில் பேரிங், பெல்ட், போல்ட், பம்ப், வால்வு என்று இரும்புச் சாமான் கடைகள். ஒர்க் ஷாப் ரோடு என்று ஒரு தெருவுக்குப் பெயரே இருக்கிறது. வடக்கு வெளி வீதியில் நடந்தால் நடைபாதையில் பாதி கடைக்காரர்களுடையது. மீதி, கடைக்கு வந்தவர்களின் டூவீலருடையது. இதே வீதியில் உள்ள சேதுபதி பள்ளியில்தான் பாரதியார் 1904-ல் சில மாதம் தமிழ் வாத்தியாராக இருந்தார். சிம்மக்கல்லிலிருந்து பிரிகிற தமிழ்ச்சங்கம் ரோட்டில், பாண்டித்துரைத் தேவர் 1901-ல் தொடங்கிய மதுரைத் தமிழ்ச் சங்கம். அந்தச் சங்கத்துக்குக் கூப்பிடு தூரத்தில், 'அண்ணே, யு போல்ட்டு நாலு, சென்டர் போல்ட்டு ரெண்டு, கிரீஸ் நிப்பிள் ஒரு டஜன்' என்று நாலாம் சங்கத்துத் தமிழ் முழங்குகிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

நான் போன கடை பத்தடி அகலம். பின்னால் எத்தனை அடி போகிறது என்று கடைக்காரருக்கே தெரியாது போலிருக்கிறது. உத்தரத்தில் பெல்ட்டுகள் பாம்புச் சட்டை மாதிரி தொங்கின. கல்லாவில் ஒரு பெரியவர். வருகிறவர் போகிறவரெல்லாம் 'அண்ணாச்சி' என்றார்கள். நானும் சேர்ந்துகொண்டேன்.

"அண்ணாச்சி, பன்னெண்டு வீல் வண்டிக்கு ஒரு பலூன் வேணும்."

"லிஃப்ட் ஆக்ஸிலா?"

"ஆமா."

"சொமக்குற பலூனா, தூக்குற பலூனா?"

முழித்தேன். அவர் அதை எதிர்பார்த்தவர் போல டீ சொன்னார்.

லிஃப்ட் ஆக்ஸில் விஷயம் இதுதான். பன்னிரண்டு சக்கர வண்டியில் முன்னால் இரண்டு ஆக்ஸில், பின்னால் இரண்டு. பின்னால் உள்ளதில் ஒன்றை, லோடு இல்லாதபோது, நாய் காலைத் தூக்குவது போலத் தரையிலிருந்து தூக்கிக்கொள்ளலாம். ஹைவேயில் நாலு டயர் அந்தரத்தில் சுற்றாமல் போகும் லாரியைப் பார்த்து, 'ஐயோ, அந்தச் சக்கரம் கழன்றிருக்கிறதே' என்று பதறியிருப்பீர்கள். கழலவில்லை. டயர் தேயாமல் இருக்கத் தூக்கி வைத்திருக்கிறது. டிரைவர் பக்கத்தில் ஒரு ஸ்விட்ச். அமுக்கினால் ஒரு பலூனில் காற்று ஏறி ஆக்ஸிலைத் தூக்கும்; சுமக்கிற பலூன்களில் காற்று இறங்கிவிடும். மறுபடி அமுக்கினால் எதிர்ப்பதம். லோடு ஏற்றியதும் ஆக்ஸிலை இறக்கி, சுமக்கிற பலூன்களில் காற்றை நிரப்பிவிட்டால் பாரத்தில் ஒரு பங்கை அது வாங்கிக்கொள்ளும். மாமா வண்டியில் மற்ற ஆக்ஸில்களுக்கெல்லாம் நம் பழைய கமான் பட்டைதான். அந்த ஒன்றுக்கு மட்டும் காற்று.

"சொமக்குறது" என்றேன், போனில் மாமாவிடம் கேட்டுக்கொண்டு.

"பழசு எங்க?"

"எது?"

"வெடிச்ச பலூன்."

"அது வண்டியிலயே இருக்கு. வண்டி ரிங் ரோட்டு ஷெட்டுல நிக்குது."

"இதுக்கு முந்தி மாத்துனது?"

"அதெல்லாம் தூக்கிப் போட்டாச்சு அண்ணாச்சி. இது மூணாவது."

பெரியவர் கணக்கு நோட்டை மூடினார். "அப்படின்னா பலூன் தர மாட்டேன்."

வியாபாரி ஒருவர் 'தர மாட்டேன்' என்று சொல்லி நான் கேட்டது அதுவே முதல் தடவை. காசு இல்லையென்று நினைத்துவிட்டாரோ என்று பர்ஸைத் தொட்டுக் காட்டினேன்.

"காசுக்கில்ல தம்பி. ஆறு மாசத்துல மூணுன்னா கோளாறு பலூன்ல இல்ல. நாலாவதையும் வித்துட்டு, அதுவும் வெடிச்சா எங்கடையத்தேன் வைவீக. போயி பழசைக் கொண்டாங்க. அதுல எழுதியிருக்கும்."

நக்கீரர் பிறந்த ஊரென்பது சும்மா இல்லை. எதிரில் நிற்பவன் கஸ்டமர் என்றாலும் குற்றத்தைச் சொல்லித்தான் தீருவார்கள்.

ரிங் ரோட்டு ஷெட்டுக்குப் போனேன். பகலில் கனரக வண்டிகளை ஊருக்குள் விடமாட்டார்கள்; அதனால் சாமான் சிம்மக்கல்லிலும் நோயாளி ஊருக்கு வெளியிலுமாக இருப்பது வழக்கம். மாமா வேப்ப மரத்தடியில் துண்டை விரித்து உட்கார்ந்திருந்தார். ராத்திரி பலூன் கிழிந்ததும் காற்றுக் குழாயை மடக்கிக் கம்பியால் கட்டி, பாதி உப்பை இன்னொரு லாரிக்கு மாற்றி, மெதுவாக உருட்டிக்கொண்டு வந்து சேர்ந்திருக்கிறார். மாற்றுக் கூலி தனி. வேறு வழியில்லை. ஒரு ஆக்ஸில் வேலைநிறுத்தம் செய்தால் அதன் பாரம் பக்கத்து ஆக்ஸிலின் தலையில்தான் விழும். அதன் கமான் பட்டை முறியும், டயர் கொதிக்கும். பிட்டுக்கு மண் சுமந்த கதையில் ஒருத்தர் முதுகில் விழுந்த பிரம்படி ஊரார் எல்லோர் முதுகிலும் விழுந்ததே, அந்த மாதிரி.

மாமா என்னைப் பார்த்ததும் உற்சாகமாக வண்டிக்கு அடியில் தலையை விட்டார். "இதப் பாரு மாப்ள, எப்படிக் கிழிஞ்சிருக்குன்னு..."

"அய்யா, வெளிய வாங்க!" என்று ஒரு அதட்டல். ஷெட் மேஸ்திரி. சின்ன வயசுதான், முப்பதுக்குள் இருக்கும். வந்து முதல் வேலையாக வண்டிச் சாவியை உருவித் தன் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். பிறகு சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்தார். ஜாக்கி ஏற்றினார். ஜாக்கியை மட்டும் நம்பாமல் சேஸிஸுக்கு அடியில் இரும்பு ஸ்டாண்டு. அப்புறம் காற்று டேங்கின் வடிகுழாயைத் திறந்து கடைசி 'உஸ்' வரை காத்திருந்தார். காற்றோடு சேர்ந்து டீ கலரில் தண்ணீரும் கொட்டியது. அதைப் பார்த்து உச்சுக் கொட்டினார்.

எனக்கு இது கொஞ்சம் ஓவராகப் பட்டது. ரப்பர் பை, உள்ளே காற்று, இதற்கா இத்தனை சடங்கு? வாய் விட்டுக் கேட்டும் விட்டேன்.

மேஸ்திரி கணக்குப் போட்டார். பலூன் பத்து அங்குல விட்டம். வட்டத்தின் பரப்பு சுமார் 78 சதுர அங்குலம். டேங்கில் காற்று சதுர அங்குலத்துக்கு நூறு பவுண்டு அழுத்தத்தில் இருக்கிறது என்று வையுங்கள். பெருக்கினால் 7,800 பவுண்டு. மூன்றரை டன். "யாராச்சும் கேபின்ல ஏறி ஸ்விட்சத் தட்டுனா ஆக்ஸில் மூணரை டன்னு வேகத்துல ஏறும், இல்ல எறங்கும். நடுவுல உங்க மாமா கை இருந்துச்சுன்னா?"

மாமா கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். பத்தாவதில் வட்டத்தின் பரப்பு சூத்திரத்தை எதற்குப் படிக்கிறோம் என்று எங்கள் கணக்கு வாத்தியாரிடம் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டவன் நான். இதற்குத்தான் சார், இதற்குத்தான்.

கழற்றிய பலூனைச் சாக்கில் சுற்றி, ஸ்கூட்டரில் முன்னால் வைத்துக்கொண்டு சிம்மக்கல்லுக்குத் திரும்பினேன். சிக்னலில் டிராபிக் கான்ஸ்டபிள் சந்தேகமாகப் பார்த்தார். "என்னது?" "பலூன் சார்." அவர் என்னைப் போகச் சொன்ன விதத்தில், வெயில் ஜாஸ்தி, பாவம் என்ற இரக்கம் தெரிந்தது.

அண்ணாச்சி அதை மேஜையில் வைத்து, டார்ச் அடித்து, விரலால் தடவித் தடவிப் பார்த்தார். பிரேதப் பரிசோதனை என்றால் இதுதான். பார்த்துக்கொண்டே பாடமும் நடத்தினார். ரப்பர் மேலெல்லாம் வலை வலையாக வெடிப்பு இருந்தால் அது வயது. வெயிலும் வருஷமும் செய்த வேலை. ஒரே பக்கம் மட்டும் வழவழவென்று தேய்ந்திருந்தால் எதன் மேலோ உரசியிருக்கிறது. ஆக்ஸிலைத் தாங்கும் கையின் புஷ் தேய்ந்து, கை ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். மடிப்பு நசுங்கி உள்ளே நைலான் நூல் தெரிந்தால், காற்றில்லாமல் லோடோடு ஓட்டியிருக்கிறார்கள். ரப்பர் ஊறிக் கொழகொழவென்றிருந்தால் கம்ப்ரஸர் எண்ணெய் கக்குகிறது. பலூனை மாற்றி என்ன பிரயோஜனம்? தகட்டு ஓரத்தில் துரு வந்து, அந்த இடத்தில் கசிந்தால், அது தண்ணீர். உப்பு வண்டி என்றால் சொல்லவே வேண்டாம்.

"உப்பு வண்டிதான் அண்ணாச்சி."

"துரு இருக்கு. ஆனா இதக் கொன்னது துரு இல்ல. இங்க பாருங்க." மேல் தகட்டோடு ரப்பர் சேருகிற இடத்தில், கத்திரியால் வெட்டினாற்போல முக்கால் வட்டத்துக்குக் கிழிசல். "இது வெடிச்சது இல்ல தம்பி. இழுத்துக் கிழிச்சது. மாமாவுக்குப் போனப் போடுங்க. வண்டியில ஷாக் அப்சார்பர் இருக்கான்னு கேளுங்க."

போட்டேன். ஸ்பீக்கரில் வைத்தேன்.

"மாமா, லிஃப்ட் ஆக்ஸிலுக்கு ஷாக் அப்சார்பர் இருக்கா?"

எதிர்முனையில் கொஞ்ச நேரம் ரிங் ரோட்டுப் போக்குவரத்து மட்டும் கேட்டது.

"அது... எண்ணெ ஒழுகுதுன்னு கழட்டுனாங்க மாப்ள. போன வருசம்."

"திருப்பி மாட்டுனாங்களா?"

"வண்டி ஓடுச்சுல்ல..."

அண்ணாச்சி சிரிக்கவில்லை. அதற்குப் பதில் அட்டைப் பெட்டி ஒன்றை எடுத்து, பலூனையும் ஒரு ஷாக் அப்சார்பரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திக் காட்டினார். ஷாக் அப்சார்பர் என்பது குலுங்காமல் இருக்க என்றுதான் நானும் நினைத்திருந்தேன். கமான் பட்டை வண்டியில் அதன் முக்கிய வேலை அதுதான். காற்றுப் பலூன் வண்டியில் அதற்கு இன்னொரு வேலையும் உண்டு. ஆக்ஸில் பள்ளத்தில் விழும்போது, 'இதற்கு மேல் இறங்காதே' என்று பிடித்துக்கொள்வது அதுதான். இரும்புப் பட்டைக்குத் தன் நீளம் தெரியும். ரப்பர் பைக்குத் தெரியாது. ஷாக் இல்லையென்றால் ஒவ்வொரு பள்ளத்திலும், ஒவ்வொரு வேகத்தடைக்குப் பிறகும், பல நூறு கிலோ ஆக்ஸில் தொங்குவது அந்தப் பலூனின் கழுத்தில். இரண்டு மாதம் தாங்கியதே அதிகம்.

ஆக, போன வருஷம் ஒரு ஷெட்டில் (பெயர் வேண்டாம், மாமாவே மறந்துவிட்டார்) எண்ணெய் கசிகிற ஷாக்கைக் கழற்றியவர்கள், 'இது இல்லாமலே ஓடும்ணே' என்று கையைத் தட்டிவிட்டார்கள். ஓடியது. ஆறு மாதம் கழித்து அதன் பில், மூன்று பலூனாக, மாற்று லாரிக் கூலியாக, போகாத ட்ரிப்பாக வந்தது. வெடித்த பலூனை ஒவ்வொரு தடவையும் தூக்கிப் போட்டதால் எங்களுக்கு இது தெரியாமலே போயிற்று. சாட்சியைக் குப்பையில் போட்டுவிட்டுக் கேஸ் நடத்தினால் எப்படி?

"பள்ளத்துல மெதுவா ஏத்தி இறக்கச் சொல்லுங்க. அப்புறம் இன்னொண்ணு கேளுங்க. லோடோட தூக்கி வச்சு ஓட்டுவாரா?"

கேட்டேன். மறுபடி ரிங் ரோட்டுப் போக்குவரத்து.

"எப்பவாச்சும்... டயர் தேயாதுல்ல மாப்ள."

எத்தனையோ டிரைவர்கள் செய்கிற வேலைதான். நாலு டயர் மிச்சம் என்று நினைத்துக்கொண்டு, அந்தப் பாரத்தைப் பக்கத்து நாலு டயர் மேல் ஏற்றுகிறார்கள். தவிர, காற்று முழுக்க இறங்கிச் சுருங்கிய பலூனின் மடிப்பு ஏடாகூடமாக மடிந்து நசுங்கவும் செய்யும். ஒரு பக்கம் இழுத்துக் கிழிப்பது, இன்னொரு பக்கம் நசுக்குவது. அந்த ரப்பர் பேசத் தெரிந்திருந்தால் சிம்மக்கல்லிலேயே ஒரு உண்ணாவிரதம் இருந்திருக்கும்.

அண்ணாச்சியிடம் அன்றைக்கு வாங்கியவை: பலூன் ஒன்று அல்ல, இரண்டு, இரண்டு பக்கத்துக்கும் ஒரே வயதில் இருக்கட்டும் என்றார். ஷாக் இரண்டு. புஷ் ஒரு செட். நைலான் காற்றுக் குழாய் சில மீட்டர். "ஒரிஜினலா, லோக்கலா?" என்ற புராதனக் கேள்வியும் வந்தது. டெல்லி காஷ்மீரி கேட்டிலிருந்து வரும் மலிவுச் சரக்கையும் அவரே எடுத்துக் காட்டினார். நல்ல பலூனில் பார்ட் நம்பரும் தயாரித்த தேதியும் ரப்பரிலேயே வார்த்திருக்கும். மலிவில் பெயர் பளபளவென்று ஸ்டிக்கராக ஒட்டியிருந்தது, தேதியைக் காணோம். ரப்பர் கடையில் சும்மா இருந்தாலும் கிழடு தட்டும். பாலுக்குத் தேதி பார்க்கிறோம், பலூனுக்குப் பார்ப்பதில்லை.

பில் போடும் நேரத்தில் கொஞ்சம் சரித்திரமும் பேசினோம். வண்டியைக் காற்றில் உட்கார வைக்கிற யோசனை புதிதல்ல. அமெரிக்காவில் ஃபயர்ஸ்டோன் கம்பெனி 1930-களிலேயே இதில் இறங்கிவிட்டது. 1953-ல் ஜெனரல் மோட்டார்ஸ் செய்த கிரேஹவுண்ட் பஸ்கள் காற்றுப் பலூனில் ஓடின. நம் ஊர்ப் பயணிகளுக்கு அந்தச் சுகம் தெரிந்தது பெரும்பாலும் 2001-ல் வோல்வோ பஸ் வந்த பிறகுதான். பஸ் ஸ்டாண்டில் அது 'உஸ்ஸ்' என்று பெருமூச்சு விடுவதைப் பார்க்கவே கூட்டம் கூடியது. அப்புறம் சத்தமில்லாமல் லாரிக்கும் வந்துவிட்டது. இதில் மதுரைக்காரர்கள் காலரைத் தூக்கிவிட ஒரு விஷயம் இருக்கிறது. 1911-ல் மதுரையில் டி.வி. சுந்தரம் அய்யங்கார் தொடங்கிய கம்பெனியின் வழியில் வந்ததுதான் 1960-ல் பிறந்த வீல்ஸ் இந்தியா. இன்றைக்குப் பஸ்ஸுக்கும் லாரிக்கும் ஏர் சஸ்பென்ஷன் செய்கிற முக்கியமான இந்தியக் கம்பெனி அது. "சுத்திச் சுத்தி நம்ம ஊருக்கே வந்துருதுல்ல" என்றார் அண்ணாச்சி, ஏதோ அவரே பங்குதாரர் மாதிரி.

சாமான்களோடு ஷெட்டுக்குத் திரும்பினால், மாமா வேறு ஒரு திட்டத்தோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்து வெல்டிங் பட்டறைக்காரர் மனதைக் கலைத்திருக்கிறார்.

"மாப்ள, பேசாம இந்தப் பலூன் சனியனையே தூக்கிட்டு, கமான் பட்டை வச்சு வெல்டு அடிச்சுருவோமா? ஒரே நாள் வேலையாம்."

நியாயமாகச் சொன்னால், கமான் பட்டையைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஒரு பட்டை ஒடிந்தாலும் மிச்சப் பட்டைகள் வீடு கொண்டுவந்து சேர்க்கும். எந்த ஊர் மரத்தடியிலும் மாற்றலாம். கல் குவாரிப் பாதையில் ஓடுகிற வண்டிக்கு அதுதான் சரி. ஆனால் இது கம்பெனியே பலூனுக்கென்று வடிவமைத்த ஆக்ஸில். அதன் பாரக் கணக்கு, பிரேக், தாங்கும் கை எல்லாமே அதற்கேற்றவை. வெல்டு அடித்தால் சேஸிஸ் பலம் என்னாகும் என்று பட்டறைக்காரருக்கும் தெரியாது. தவிர, சட்டம். கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று சுப்ரீம் கோர்ட்டே 2019 ஜனவரியில் சொல்லிவிட்டது. அது கேரளத்திலிருந்து போன வழக்கு. மாமா வண்டி எட்டு வருஷம் தாண்டியது. வருஷா வருஷம் எஃப்.சி.க்குப் போய் நிற்க வேண்டும். அங்கே 'லிஃப்ட் ஆக்ஸில் எங்கே?' என்று கேட்டால்? நாளைக்கு ஒரு விபத்து என்றால் இன்ஷூரன்ஸ்காரர் முதலில் எதைப் பார்ப்பார்?

சட்டமெல்லாம் சொல்லி முடித்தேன். மாமா அசையவில்லை. கடைசியில் மேஸ்திரிதான் சரியான நரம்பைத் தொட்டார். "அய்யா, கமான் போட்டா ஆக்ஸிலத் தூக்க முடியாது. வெத்து வண்டியா தூத்துக்குடி திரும்புறப்ப அந்த நாலு டயரும் ரோட்டுலதேன் தேயும்."

"அப்ப பலூனே இருக்கட்டும்" என்றார் மாமா.

மாட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவசரமில்லாத வேலை. கம்பிப் பிரஷ் போட்டு இரண்டு தகடுகளிலும் துருவைச் சுரண்டி வெள்ளிக் கலர் தெரிகிற வரை தேய்த்தார்கள். கடப்பாரையை நெம்புகோலாகக் கொடுத்துத் தாங்கும் கையை அசைத்துப் பார்த்தால் புஷ் 'டொக் டொக்' என்றது, அதையும் மாற்றினார்கள். நைலான் குழாயை ஆக்ஸா பிளேடால் அறுக்காமல் கூரிய பிளேடால் நேராக வெட்டினார்கள். பிசிறு இருந்தால் அங்கேதான் காற்று கசியுமாம். பலூனைத் திருகலில்லாமல் உட்கார வைத்து, கம்பெனி சொன்ன அளவுக்கு டார்க் ரென்ச்சால் முறுக்கினார்கள். 'இன்னும் ரெண்டு முறுக்கு முறுக்குப்பா' என்ற மாமாவின் யோசனை நிராகரிக்கப்பட்டது. ஷாக்கை மாட்டிய பிறகுதான் ஸ்டாண்டை எடுத்தார்கள். அதற்கு முன்னால் காற்று ஏற்றவே விடவில்லை. பிடிமானமில்லாமல் ஏற்றினால் பலூன் எவ்வளவு தூரமும் நீளும், அதுவே ஆபத்து.

சாவி மேஸ்திரியின் பாக்கெட்டிலிருந்து வெளியே வந்தது. எஞ்சின் ஓடியது. முதலில் பிரேக் டேங்குகள் நிரம்பின. அதுவரை பலூன் சுருங்கியே கிடந்தது. பிரேக்குக்குப் போக மிச்சம்தான் பலூனுக்கு. நடுவில் ஒரு வால்வு காவல் நிற்கிறது. எவன் யோசித்தானோ, நல்ல மனுஷன். பிறகு இரண்டு பலூன்களும் கோயில் யானை எழுந்திருக்கிற மாதிரி மெல்ல எழுந்தன. சுற்றிலும் ஒரு விரல் கட்டைக்கு மேல் இடைவெளி இருக்கிறதா என்று மேஸ்திரி தடவிப் பார்த்தார். அப்புறம் ஒரு ரூபாய் ஷாம்பு பாக்கெட்டைத் தண்ணீரில் கலக்கி, எல்லா இணைப்புகளிலும் பிரஷ்ஷால் பூசினார். சைக்கிள் பஞ்சருக்குத் தொட்டித் தண்ணீர் என்றால் லாரிக்கு ஷாம்பு. ஒரே ஒரு இணைப்பில் குட்டிக் குட்டியாக முட்டை விட்டது. முறுக்கினார். நின்றது.

"இருநூறு முந்நூறு கிலோமீட்டர் ஓடுனதும் போல்ட்டத் திரும்ப முறுக்கிப் பாத்துருங்க. தெனம் காலையில டேங்குத் தண்ணியத் தெறந்து விடுங்க. லோடோட தூக்காதீங்க" என்றார் மேஸ்திரி. மூன்றுக்கும் மாமா தலையாட்டினார். மூன்றாவதுக்கு மட்டும் கொஞ்சம் தாமதமாக.

உப்பை மறுபடி ஏற்றி அவர் கிளம்பும்போது இருட்டிவிட்டது. நான் சிம்மக்கல்லுக்குத் திரும்பி, கோனார் கடையில் ஒரு கறிதோசையை முடித்துவிட்டு, அண்ணாச்சிக்குப் பாக்கியிருந்த பணத்தைக் கொடுத்தேன். கிழிந்த பலூன் அவர் கல்லாவுக்குப் பக்கத்திலேயே இருந்தது. "இது இங்கயே கெடக்கட்டும் தம்பி. அடுத்தாப்ல எவனாச்சும் 'மூணாவது பலூன் வேணும்'னு வருவான். காட்டணும்."

நாலு நாள் கழித்து, ராத்திரி பதினொன்றே முக்கால். போன். எனக்கு வயிற்றைக் கலக்கியது.

"மாப்ள, தூங்கிட்டியா?"

"என்ன மாமா? எங்க இருக்கீங்க?"

"காரியாபட்டி டீக்கடை. ஒண்ணுமில்ல. போல்ட்ட முறுக்கிட்டேன். இப்ப சும்மா இருக்கமேன்னு ஷாம்பு போட்டுப் பாத்தேன்."

"முட்டை விடுதா?"

"இல்லப்பா. அதத்தேன் சொல்லலாம்னு..."